மாங்காய்க் கூடையில் மூன்று முயல்கள்

எங்கள் வீட்டில் முயல் வளர்த்தோம் என்று சொன்னால், கேட்கிறவர்களில் பாதிப் பேர் "கறிக்கா?" என்கிறார்கள். மீதிப் பேர் வாய் திறந்து கேட்பதில்லை, அவ்வளவுதான். கறிக்கு இல்லை. பிறகு எதற்கு என்றால் அதற்கும் என்னிடம் பதில் கிடையாது. என் வீட்டுக்காரர் ஓசூரில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். மத்திகிரியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறப் போனபோது, அவர்கள் வீட்டுச் சமையல்காரர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இவர் மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். சாக்குக்குள் இரண்டு பெண் முயல்கள். ஒரே ஈற்றில் பிறந்த அக்கா தங்கை. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். இவர் மறுக்கத் தெரியாத மனிதர், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மறுக்கத் தெரிந்த நான் அன்றைக்குப் பார்த்து வேப்பனப்பள்ளியில் என் பிறந்த வீட்டில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது கொய்யா மரத்தடியில் கம்பிவலை அடித்த மரக்கூண்டு ஒன்று நின்றது. கூண்டு என்றால் சின்னது இல்லை. நானே குனிந்து உள்ளே போய்க் கூட்டிவிட்டு வரலாம். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் நூல்கோல் இலையைக் கிள்ளி நானே போட்டேன். அந்த இரண்டும் ஒரே இலையை இரண்டு முனையிலிருந்து கடித்துக்கொண்டே வந்து, நடுவில் மூக்கும் மூக்கும் இடித்ததும் நின்று, ஒன்றை ஒன்று நக்கிக்கொடுத்தன. அதைப் பார்த்த பிறகு முகத்தை எப்படித் தூக்கி வைத்துக்கொள்வது? வெள்ளை எழுந்தால் சாம்பல் எழும். சாம்பல் படுத்தால் வெள்ளை அதன் முதுகில் தாடையை வைத்துப் படுக்கும். பல் பார்ப்பதற்காக ஒன்றைத் தனியே தூக்கினால் மற்றது வாயிலிருந்த புல்லைக்கூட மெல்லாமல் நிற்கும். ஐந்தாறு வருஷம் இப்படியே ஓடியது.

அதற்குப் பிறகுதான் நர்ஸம்மாவின் முயல் வந்து சேர்ந்தது.

நர்ஸம்மா ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவர். என் இரண்டு பிள்ளைகளையும் இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையதுதான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு ஓசூருக்கு மாற்றலாகி வந்து, குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் கஷ்டமான பிரசவம் ஒன்றைப் பார்த்துக் கொடுத்ததற்கு, அந்தப் பெண்ணின் வீட்டார் நன்றியாக ஒரு முயல் குட்டியைக் கூடையில் போட்டுக் கொடுத்தார்களாம். தவிட்டு நிறம். அதுவும் பெண். அவரும் அதைக் கறியாக்காமல் மகளாக்கிவிட்டார்.

ஓசூர்க் குளிர் வெள்ளைக்காரர்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஒரு மார்கழியில் நர்ஸம்மாவுக்கு இருமல் பிடித்தது, தையும் மாசியும் போயும் நிற்கவில்லை. பெங்களூருக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். காசநோய். நல்லவேளையாக அதற்கு ஊசி மருந்து வந்திருந்த காலம். டாக்டர் எங்கெங்கோ எழுதிப் போட்டு, தூரத்தில் ஒரு சானடோரியத்தில் கட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு நாளில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த கட்டில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை நுரையீரல் காத்திருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா எங்கள் கேட்டுக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்னக் கூடை. எப்போதும் நேரே அடுப்படி வரைக்கும் வந்து, மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவர், அன்றைக்குக் கேட்டுக்கு வெளியிலேயே பத்தடி தள்ளி நின்றார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். அவரே அத்தனை ஜாக்கிரதையாக இருக்கும்போது நான் வேறு ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் நோயின் பெயரைச் சொன்ன நிமிஷமே என் கை தானாகப் போய் முந்தானையை மூக்குவரை இழுத்துக்கொண்டது. அவர் பார்த்தார். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். முயலை நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா வைத்துக்கொண்டால் போதாது, எங்கள் இரண்டோடு அதுவும் சேர்ந்து இருக்க வேண்டும்.

"அது ஒத்தையில கெடந்தா தின்னாது, கேட்டியா. போன தடவ ஊருக்குப் போவும்போது ஒரு வாரம் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா எலும்பா நிக்கி. ஒங்க ரெண்டோட சேந்துட்டுன்னா நான் நிம்மதியா வண்டி ஏறிருவேன். சேரலன்னா நான் போவல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு மொசலுக்காவ உசுர விட்டுருவீங்களா, நர்ஸம்மா?" என்றேன்.

"நான் கண்ணால பாக்கணும்" என்றார் அவர். வேறு பேச்சு இல்லை.

குவார்ட்டர்ஸில் யாரோ ஒரு மகானுபாவர், அந்த முயலையே அடித்து சூப்பு வைத்துக் குடித்தால் காசம் ஓடிப்போகும் என்று அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு நர்ஸம்மா கூடை மூடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். கூடையைக் கேட்டருகே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். நான் போய் எடுத்துக்கொண்டேன். நோய் ஒட்டுமா என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மனிதருக்கு வருகிற காசம் முயலுக்கு லேசில் ஒட்டாது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன், கூடையை மட்டும் கொளுத்திவிடலாம் என்று இவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சேர்ப்பது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். என் அப்பா வீட்டில் மாடு, ஆடு, கோழி எல்லாம் உண்டு. புதுக் கோழி வந்தால் பொழுது சாயும்போது பழைய கோழிகளோடு கூட்டில் விட்டுவிடுவோம். அடுத்த நாள் காலையில் எது புதிது, எது பழையது என்று அதுகளுக்கே ஞாபகம் இருக்காது. அதே மாதிரி கூண்டைத் திறந்து தவிட்டு நிறத்தை உள்ளே விட்டேன். எண்ணி மூன்று மூச்சு விட்டிருப்பேன். வெள்ளை பாய்ந்தது. நக்கிக்கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத என் வெள்ளை! புதியதும் லேசுப்பட்டது இல்லை, வட்டமாகச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கடித்தது. இலவம் பஞ்சு மெத்தையைக் கிழித்த மாதிரி கூண்டு முழுக்க மயிர். உள்ளே புகுந்து பிரிக்கப் போன என் கட்டைவிரலில் யார் பல் பட்டது என்று இன்றுவரை தெரியாது.

இவர் வந்து டிஞ்சர் போட்டுக்கொண்டே சிரித்தார். "மூணும் பொட்டை. ஒரே அடுப்படியில விட்டா அப்படித்தான்" என்றார். இவர் அம்மாவும் நானும் ஒரே அடுப்படியில் நான்கு வருஷம் இருந்தோம், யார் மயிரும் பறக்கவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க இவருக்குத் தைரியம் இல்லை.

ஆனால் இவருக்கும் ஒரு வழி தெரிந்திருந்தது. சந்தையில் தனித்தனியாக வாங்கிய இரண்டு காளைகளை ஒரு நுகத்தில் பூட்டுவதற்கு முன்னால் செய்கிற காரியம் அது.

"மாடு மாதிரிதான் இதுவும். எதுருக்கெதுரா கட்டணும், நடுவுல ஒரே தொட்டி. ஒன்னு மூஞ்சிய ஒன்னு பாத்துக்கினே தின்னணும். அவசரப்பட்டா கொம்புல போயி முடியும்."

"இதுங்களுக்கு ஏதுங்க கொம்பு?"

"பல்லு இருக்குதில்ல" என்றார், என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே.

கூண்டின் நடுவில் கம்பிவலை வைத்து அடைத்தோம். இந்தப் பக்கம் அக்கா தங்கை, அந்தப் பக்கம் புதியது. வலையின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் குதிரைமசால் தழையை வைத்தார் இவர். ஆஸ்பத்திரி மாடுகளுக்கு என்று பயிராகிற தழை அது. அதில் முயலுக்கும் ஒரு கைப்பிடி வந்துவிடும். பசி வந்தால் மூன்றும் மூக்கை வலையோரம் கொண்டுவந்துதான் ஆகவேண்டும். இவர் சொன்னது சரிதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் மூன்றும் பட்டினி. இரண்டாம் நாள் தின்றன, ஆனால் மென்றுகொண்டே முறைத்தன. நான்காம் நாள் முறைக்காமல் தின்றன. இவர் மாட்டுக்காரர், மாட்டுக்குப் பதினைந்து நாள் ஆகும், இதற்கும் ஆகட்டும் என்று நிதானமாகச் சொன்னார். பதினைந்து நாளுக்கு எங்கே போவது? டாக்டர் சொன்ன பன்னிரண்டில் ஏழு நாள்தான் மிச்சம் இருந்தது.

நர்ஸம்மா தினமும் சாயங்காலம் தெருமுனை வரை ஜட்கா வண்டியில் வருவார். கேட்டுக்கு அப்பால் அதே இடத்தில் நிற்பார். அவருக்காக ஒரு பித்தளைத் தம்ளரைத் தனியாக ஒதுக்கி, மதில் மேல் வைத்திருந்தேன். அதில் காப்பியை ஊற்றிவிட்டு நகர்ந்துகொள்வேன். அவர் வந்து எடுத்துக் குடித்துவிட்டு அங்கேயே வைப்பார். போன பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவேன். அப்படி ஊற்றச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். முந்தானையை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சேந்துட்டா?" என்பார்.

"சேர்ந்துக்கினு வருது" என்பேன்.

அவர் என் முகத்தைப் பார்ப்பார். எத்தனையோ பெண்கள் வலியில்லை என்று பொய் சொன்னதைப் பார்த்தவர். என்னுடைய பொய்யெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்?

இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதை இவரிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார், அதனால் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்போம், சுழியைப் பார்ப்போம், கூடவே எந்த பாஷை மாடு என்றும் கேட்போம். மூன்று ராஜ்யத்து மாடும் ஒரே சந்தையில் நிற்கிற ஊர் இது. கன்னடத்தில் பழகின காளையைத் தெலுங்கில் ஓட்டினால் அது பாட்டுக்கு நிற்கும். என் அப்பா ஒரு தடவை மாலூர்ப் பக்கத்திலிருந்து வாங்கிவந்த ஜோடிக்காக, பக்கத்துத் தோட்டத்துக் கன்னடக்காரரை ஒரு வாரம் ஏர் ஓட்டக் கூப்பிட்டு வைத்திருந்தார். என் அக்கா தங்கை முயல்கள் இங்கிலீஷில் பிறந்து என்னிடம் தெலுங்கில் வளர்ந்தவை. நான் வீட்டில் இவரோடும் பிள்ளைகளோடும் தமிழ் பேசினாலும், மாட்டோடும் முயலோடும் தெலுங்குதான். என் பிறந்த வீட்டுப் பேச்சு அதுதானே? நர்ஸம்மாவின் முயலோ திருநெல்வேலித் தமிழ். அடப்பாவமே, நாங்கள் பேசுவது ஒன்றும் புரியாமல்தான் அது மிரண்டு கடிக்கிறது என்று முடிவு கட்டினேன். இதில் சந்தேகமே வரவில்லை எனக்கு.

அன்று சாயங்காலம், அவர் அதை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். "வாளா, என் தங்கம், வா" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து சொல்லிக் காட்டினார், நாம் 'வாடி' என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். நான் திருப்பிச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லவேண்டும் என்றார். அவர் அந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு, நான் இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு, நடுவில் இந்தப் பாடம். பால் கொண்டுவந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார். முயலோடு பேசப் பழகுகிறேன் என்று சொன்னதும், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லாததுபோலப் பாலை ஊற்றிவிட்டுப் போனார். எங்கள் ஊர் அப்படி.

நான் பழகிய திருநெல்வேலித் தமிழ் நன்றாகவே வேலை செய்தது, வேறு திசையில். அடுத்த நாள் காலையில் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, வலையைக் கொஞ்சம் விலக்கி, "வாளா, என் தங்கம், வா" என்று இழுத்தேன். தவிட்டு நிறம் ஓடிவந்து என் மடியில் ஏறிவிட்டது. வெள்ளை அதைப் பார்த்தது. சாம்பலும் பார்த்தது. ஐந்து வருஷம் குனிந்து குனிந்து கூட்டிய என்னை, நேற்று வந்தது ஒன்று சொந்தம் கொண்டாடினால் பொறுப்பார்களா? இரண்டும் சேர்ந்து பாய்ந்தன. என் சேலை கிழிந்ததுதான் மிச்சம். புதியதின் காதோரம் ரத்தம். நான்கு நாளாக இவர் தொட்டி வைத்துச் சேர்த்த சமாதானத்தை ஒரே காலையில் போக்கடித்துவிட்டேன். இவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. வலையை மறுபடி அடித்து, முதல் நாள் மாதிரி தழையை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுகைக்குக் காரணம் முயல் மட்டும் இல்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. நர்ஸம்மாவின் இருமல் இப்போது தெருமுனையிலேயே கேட்டது. மதிலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என் மூத்தவள் கால் முன்னே வந்து பிறந்தவள். விடியவிடிய என் பக்கத்தில் நின்று அவளையும் என்னையும் இழுத்துப் போட்ட மனுஷி, இப்படி ஒரு முயலைச் சாக்கு வைத்துக்கொண்டு சாகப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலும் முந்தானையை மட்டும் நான் இறக்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் அவர் காதுக் காயத்தைப் பார்த்துவிட்டார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். காப்பியைக் குடிக்கவில்லை.

"பிரயாசப்பட்டுட்ட பிள்ள. போதும். நாளைக்கு அத என் ரூமுக்கே கொண்டாந்துரு. நான் டாக்டர்ட்ட சொல்லிருதேன்" என்றார்.

என்ன சொல்லப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததுதானே. பதினோராம் நாள் காலை பத்து மணிக் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்தால்தான் பன்னிரண்டாம் நாள் சானடோரியத்துக்குப் போய்ச் சேர முடியும்.

அடுத்த நாள் காலை இவர் மாடுகளுக்கு ஏதோ கால் நோய் என்று கெலமங்கலத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் கூண்டின் முன்னால் நின்றேன். அக்கா தங்கை வழக்கம்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தன. அந்தப் பக்கம் தவிட்டு நிறம் தனியே மூலையில் ஒடுங்கிக் கிடந்தது, இலையைத் தொடவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம். யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும். வேப்பனப்பள்ளியிலிருந்து மாங்காய் வந்த பெரிய கூடை ஒன்று பின்பக்கம் கிடந்தது. அதை இழுத்துவந்தேன். அடியில் ஒரு சாக்கு. வெள்ளையைப் பிடித்துப் போட்டேன், சாம்பலைப் போட்டேன், அதற்குமேல் தவிட்டு நிறத்தையும் போட்டேன். மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினேன். கடித்துக்கொண்டு செத்தால் சாகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். தெலுங்கில் சொன்னேன், அதனால் அவற்றில் இரண்டுக்குப் புரிந்திருக்கும். ஓடிப்போய் ஒரு ஜட்காவை நிறுத்தி, கூடையை ஏற்றி, நானும் ஏறினேன்.

எங்கள் வீட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு இரண்டு மைல். அந்தக் காலத்து ரோடு. கல் இருந்த இடத்தில் கல், மற்ற இடத்தில் பள்ளம். ஜட்கா ஒரு சக்கரத்தில் கொஞ்ச நேரம், மறு சக்கரத்தில் கொஞ்ச நேரம் என்று ஓடியது. முதல் பள்ளத்தில் கூடைக்குள் ஒரு உதைச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் பிரம்புச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். சண்டையும் இல்லை, சாவும் இல்லை. மூன்றும் கூடையின் ஒரே ஓரத்தில், எது காது எது கால் என்று தெரியாமல், ஒரே உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. நடுங்கிக்கொண்டு கிடந்தன. வண்டி குலுங்கக் குலுங்க வெள்ளை தன் முகத்தைத் தவிட்டு நிறத்தின் வயிற்றுக்கடியில் நுழைத்துக்கொண்டது.

இது சிநேகம் இல்லை, பயம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்றும் தெரிந்தது. அந்த இடத்திலேயே பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

நர்ஸம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டி வைத்த டிரங்குப் பெட்டி. கட்டிவிட்டு, பிறகு போவதில்லை என்று உட்கார்ந்திருக்கிறார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் அவர் மடிமேல் வைத்து, மேல்கூடையைத் திறந்தேன்.

"பாத்துக்குங்க. காலையிலேர்ந்து இப்படித்தான். பிரிக்க முடியல" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டு மூன்றின்மேலும் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்காமல் நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை, எழுந்திருங்கள் என்று அதட்டினேன். அதுவரை நான் அவரை அதட்டினதே கிடையாது, அவர்தான் என்னை அதட்டியிருக்கிறார்.

"சரி" என்றார்.

ஜட்காக்காரர் பெட்டியை ஏற்றினார். வண்டியில் இடம் கொஞ்சம்தான். நானும் அவரும் ஒட்டி உட்கார்ந்து, கூடையை இருவர் மடியிலுமாக வைத்துக்கொண்டோம். பள்ளம் வரும்போதெல்லாம் அவர் என்மேல் சாய்ந்தார், நான் அவர்மேல் சாய்ந்தேன், கூடை எங்கள் இருவர்மேலும் சாய்ந்தது. எனக்குக் கவனமெல்லாம் கூடைக்குள்தான். கடவுளே, பஸ் கிளம்புகிற வரைக்கும் ஒன்றும் ஆரம்பிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் அவர் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கூடையை உயர்த்திக் காட்டினேன். வண்டி சூளகிரி ரோட்டில் திரும்பி மறைகிற வரைக்கும் காட்டிக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன், சேலையைக் கொதிநீரில் போட்டேன். பிள்ளைகளைப் பொழுது சாயும்வரை கிட்டே சேர்க்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குளித்த கையோடு கூடையைக் கொய்யா மரத்தடியில் வைத்துத் திறந்தேன். கையில் பிரிப்பதற்கு ஒரு விளக்குமாறு. வெள்ளை முதலில் வெளியே குதித்தது, பின்னாலேயே சாம்பல். தவிட்டு நிறம் கூடைக்குள்ளேயே தயங்கியது. வெள்ளை நான்கு எட்டு போய், நின்று, திரும்பிப் பார்த்தது. தவிட்டு நிறம் இறங்கி அதன் பின்னால் போயிற்று. மூன்றும் கூண்டுக்குள் போய் ஒரே மூலையில் உட்கார்ந்தன. விளக்குமாற்றைப் பிடித்தபடி நான் சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே நின்றேன். அன்றைக்கும் சண்டை இல்லை, அடுத்த நாளும் இல்லை. நர்ஸம்மா போன அன்று சாயங்காலமே திரும்பி வந்த இவர், தொட்டி வைத்தால் மாடு என்ன முயல் என்ன, எல்லாம் வழிக்கு வரும் என்று மார்தட்டிக்கொண்டார். நான் ஜட்கா கதையைச் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன்.

சானடோரியத்திலிருந்து மாதம் ஒரு கார்டு வரும். அதில் எங்களைப் பற்றி ஒரு வரி, முயலைப் பற்றி ஆறு வரி. நானும் அதே கணக்கில் பதில் எழுதினேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகி, ஒரு சாயங்காலம் யாரோ குண்டாக ஒரு அம்மாள் கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி நிற்பதைப் பார்த்தேன். அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. நோய் போய்விட்டது, காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே நின்றார். கால் மட்டும் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

கூண்டின் முன்னால் உட்கார்ந்தார். வெள்ளையும் சாம்பலும் கிழடு தட்டிவிட்டிருந்தன. நடுவில் தவிட்டு நிறம், இரண்டுக்கும் தலையணையாகக் கிடந்தது. "வாளா, என் தங்கம்" என்றார். அது காதைத் திருப்பிற்று, எழுந்து வந்து அவர் விரலை நக்கிற்று, திரும்பிப் போய் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. அழுவாரோ என்று பார்த்தேன். அழவில்லை, சிரித்தார். அதை எடுத்துக்கொண்டு போகிற எண்ணத்தோடுதான் வந்தாராம். இனி வேண்டாம், தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மனதில் இருந்ததை அப்போதுதான் கொட்டினேன். அன்றைக்குக் கூடையில் பார்த்தது சிநேகம் இல்லை, பொய் சொல்லித்தான் உங்களை பஸ் ஏற்றினேன், பிறகு நிஜமாகவே சேர்ந்துகொண்டது என் அதிர்ஷ்டம் என்றேன்.

"தெரியும்லா" என்றார் அவர். "கைய வச்சுப் பாத்தேனே. மூணு நெஞ்சும் என்னமா அடிச்சுது. எத்தன நெஞ்ச தொட்டுப் பாத்தவ நான், பயம் எது, பாசம் எதுன்னு தெரியாமலா போவும்?"

"பின்ன எதுக்கு ஏறினீங்க?"

அவர் கூண்டு வலையில் சிக்கியிருந்த தழையை எடுத்து உள்ளே போட்டார்.

"கூடைய என் மடியில வச்சிட்டு அப்படியே குனிஞ்சு நின்ன பாரு, மொகத்துல முந்தான இல்ல. வண்டியிலயும் என்னைய ஒட்டித்தான் உக்காந்து வந்த, பஸ்ஸு வரைக்கும் மூடவே இல்ல. இவளே இவ்வளவு கிட்ட வந்துட்டா, அந்த ரெண்டும் வராமலா போயிரும்னு நெனச்சேன். ஏறிட்டேன்."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே அவரும் வந்து, அடுப்பின்மேல் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.